ஆடிட்டர் அலுவலகத்து மாணாக்கர்

சங்கப் புலவர் வரிசையிலே நக்கீரனாரை 'மதுரைக் கணக்காயனார் மகனார்' என்று அடைகொடுத்து வழங்குதல் தமிழ் பயில்வோர் யாவரும் அறிந்ததே. கணக்காயன் என்னுஞ் சொல் பண்டு எழுத்தறிவிக்கும் ஆசிரியனைக் குறித்தது. கணக்கு என்பது நூலுக்கே பெயராயிருந்தது. பதினெண்கீழ்க்கணக்கு என்னும் தொகைப் பெயர் அதற்குச் சான்று. இன்று அதே மதுரையிற் கணக்காயர் எனின், வரவுசெலவை ஆராய்ந்து கையொப்பமிடும் ஆடிட்டர் என்றே நூலோர் பொருள் கொள்வர். கடைவீதியிலோ ஆடிட்டர் என்ற பெயரே போதும். சொற்கள் பொருள் மாறுதல் மொழிக்கு இயல்பாதலின் அதுபற்றி எமக்கு வருத்தமில்லை. ஆனால் கணக்காயர் ஆசிரியருமாவார் என்ற பழம்பொருள் அடியோடு மறைந்துவிட்டதோ என்னும் ஐயமே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

நம் வணிகவியல் நண்பர்களிற் சிலர் கல்லூரியை விட்டோ, பட்டப்படிப்பை அஞ்சல்வழிக்கு மாற்றிக்கொண்டோ, ஆடிட்டர் அலுவலகங்களில் 'ஆர்ட்டிகிள்' சேருகின்றனர். பட்டயக் கணக்காளர் சட்டம் 1949ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்து, அன்றே அத்தொழிலுக்குரிய நிறுவனமும் தோன்றிற்று. தேர்வு மட்டும் எழுதி ஒருவன் அத்தொழிலிற் புகுதல் இயலாது. தொழிலில் இருக்கும் ஒருவரிடம் உடன்படிக்கை எழுதிக்கொடுத்துக் குறித்த காலம் பணிசெய்து பயிலல் வேண்டும். நெடுங்காலம் மூன்றாண்டாக இருந்த அக்காலம், 2023 ஜூலை முதல் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. இடைநிலைத் தேர்வின் இரு தொகுதிகளையும் முடித்த பின்னரே இப்போது பயிற்சி தொடங்கும். பகலெல்லாம் அலுவலகம், வைகறையிலும் இரவிலும் பாடம். மாணவனா, ஊழியனா என்று கேட்டால் அவனுக்கே விடை தெரியாத நிலை.

இம்முறை மேனாட்டார் தந்தது என்பர். எடின்பரோவின் கணக்காளர் சங்கம் 1854இலும், இங்கிலாந்தின் நிறுவனம் 1880இலும் அரசப் பட்டயம் பெற்றன. அந்நாளில் அங்கே பயிலச் சேருவோன் தானே முதலாளிக்குப் பெருந்தொகை கட்டிச் சேர்தல் வழக்கம். ஆனால் கணக்கை வேலையின் நடுவே கற்பித்தல் நமக்குப் புதிதன்று. மதுரைக்குக் கிழக்கே செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா நாடுகளிற் கொண்டுவிற்ற காலத்தில், 'பெட்டியடிப் பையன்' என்ற பெயரோடு சிறுவன் கடையேறுவான். பெட்டியருகே இருந்து சிட்டையும் பேரேடும் எழுதப் பழகி, 'அடுத்தாள்' ஆகி, பின்னர் ஏஜெண்டாகிக் கடைப்பொறுப்பை ஏற்பான். ஏஜெண்டுகள் மூன்றாண்டு தவணையாகச் சென்று, தவணை முடிவில் கணக்கொப்பித்து ஊர் திரும்புதல் வழக்கம். அங்கே கற்பித்தவன் தன் குலத்தான். கற்றவன் நாளை தன் கடையை நடத்துவோன். ஆகவே கற்பிப்பதில் முதலாளிக்கே ஊதியம் இருந்தது. இன்றைய அலுவலகத்தில் அந்தப் பிணைப்பு இல்லை. இரண்டாண்டு கழிந்தால் பையன் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவான் என்று ஆடிட்டர் அறிவார். அறிந்தும் ஏன் கற்பிக்க வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காணாது பயிற்சியைப்பற்றிப் பேசுதல் வீண்.

முதலில் மாணாக்கர் தரப்புக் குறையொன்றை எடுத்துக்கொள்வோம். "வவுச்சரைப் பார்த்து டிக் அடிப்பதற்கா இவ்வளவு படித்தோம்?" என்று அவர்கள் சலித்துக்கொள்வதை யாம் பலகாற் கேட்டிருக்கிறோம். இச்சலிப்பு தவறானது என்பதே எம் துணிபு. 1896இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் பஞ்சாலை வழக்கு நடந்தது. பஞ்சும் நூலும் இருப்பதைவிட மிகுதியாக இருப்பதாக மேலாளர் ஆண்டுதோறும் எழுதிக்கொடுக்க, தணிக்கையாளர் அதனை நம்பிக் கையொப்பமிட்டனர். இல்லாத இலாபத்திலிருந்து பங்காதாயம் போயிற்று. தணிக்கையாளன் காவல்நாய் போல்வானேயன்றி வேட்டைநாய் போல்வானல்லன் என்று சொல்லி நீதிமன்றம் அவர்களை விடுத்தது. 1938இல் அமெரிக்காவில் மக்கெஸ்ஸன்-ராபின்ஸ் என்னும் மருந்து நிறுவனத்திலோ, எங்குமில்லாத கிடங்குகளில் ஏறத்தாழ ஒரு கோடி டாலர் சரக்கு இருப்பதாகக் கணக்கு எழுதப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. கிடங்கை எவரும் போய்ப் பார்க்கவில்லை. அதன் பின்னரே சரக்கை நேரிற் கண்டறிதல் தணிக்கையின் விதியாயிற்று.

நம் நாட்டிலும் இக்கதை உண்டு. 2009 ஜனவரி 7ஆம் நாள் ஐதராபாத்துச் சத்யம் நிறுவனத் தலைவர் எழுதிய கடிதத்தில், ஏட்டிற் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். வங்கிக்குத் தனியே எழுதி இருப்பை உறுதிசெய்து கொள்ளுதல் எந்த அலுவலகத்திலும் பயிலும் பையனிடம் ஒப்படைக்கும் சிறுவேலை. ஹார்வி மில் என்றும் மீனாட்சி மில் என்றும் பஞ்சாலைகளாற் பெயர்பெற்ற இந்நகரில், மார்ச்சு முப்பத்தோராம் நாள் கிடங்கினுள் நின்று பஞ்சுப்பொதிகளை எண்ணுகிறவன் தான் செய்வது எடுபிடி வேலை என்று நினைத்தலாகாது. அவன் எண்ணாது விட்டால் மேலே இருப்போர் இடும் கையொப்பத்துக்கு மதிப்பில்லை. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் உறவினரையும் குடவோலைக்கு உரியரல்லர் என விலக்கியது ஈண்டு நினைக்கத்தக்கது. அவ்வளவு கடுமை நம் முன்னோர்க்குக் கணக்கின்பால் இருந்தது.

எனினும் ஆடிட்டர்களை யாம் எளிதில் விட்டுவிடப் போவதில்லை. பொதிகளை எண்ணச் சொன்னவர், ஏன் எண்ணுகிறோம் என்பதைச் சொல்வதில்லை. எமக்குத் தெரிந்த ஓரிளைஞர், பெயர் கூற வேண்டாத ஓர் அலுவலகத்தில், முதலாண்டு முழுதும் சரக்கு சேவை வரிப் படிவங்களை ஏற்றுவதிலும் வங்கிக்கு நடப்பதிலும் கழித்தார். ஒரு நிறுவனத்தின் ஐந்தொகையை முதல்முதலாக அவர் கண்டது இரண்டாம் ஆண்டிலேதான். வாரம் 35 மணி நேரம் என்பது விதி. செப்டம்பர் இறுதியில் வரித்தணிக்கை நெருங்குங்கால் அவ்விதியை நினைப்பார் யார்? உதவித்தொகையோ, 2023இல் இரட்டிக்கப்பட்ட பின்னும், ஐந்து முதல் இருபது இலட்சம் மக்கள் வாழும் மதுரை போன்ற நகரில் முதலாண்டு மாதம் 3,000 ரூபாய், இரண்டாமாண்டு 4,000 ரூபாய் என்பதே விதித்த குறைந்த அளவு. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வருகிற குடியானவர் பிள்ளைக்கு இது இரண்டு வேளைச் சோற்றுக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் காணாது. தந்தை தாங்குபவன் தாங்குகிறான். ஏனையோர் பாதியில் நின்றுவிடுகின்றனர். சிறு அலுவலகத்தாரும் தங்கள் கட்டணம் குறைவென்று சொல்வர். அதிற் சிறிது உண்மையும் உண்டு.

இதனினும் தீயது ஒன்றுண்டு. உடன்படிக்கையைக் காகிதத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, அலுவலகத்தை எட்டிப் பாராமல் தேர்வுக்கு மட்டும் படிக்கும் போலிப் பயிற்சி அது. வந்ததாகக் கையொப்பம், பயின்றதாகச் சான்று. பிறர் கணக்கின் மெய்ம்மைக்குச் சான்று கூறப் போகிறவன், தன் தொழில்வாழ்வைப் பொய்ச்சான்றோடு தொடங்குகிறான். இருவர் கூடியே இது நடக்குமாதலின் பழி மாணவனுக்கு மட்டும் உரியதன்று.

இத்தொழிலை எவ்வளவு மதித்து அடைந்தார் சிலர் என்பதற்கு நம் மாகாணத்திலேயே சான்றுண்டு. 1907இற் பிறந்த சிவபோகம் அம்மையார், விடுதலைப் போரிற் கலந்து சிறை சென்றவர். சென்னையிற் பயின்று, இந்தியாவின் முதற் பெண் கணக்காயர் எனப் பெயர் பெற்றவர். 1955 முதல் 1958 வரை தென்னிந்திய வட்டாரக் குழுவுக்கு அவரே தலைவர். வெளியூர்த் தணிக்கைக்குப் பெண்ணை அனுப்புவதா என்று தயங்கும் பெற்றோர்க்கு அவர் பெயரை நினைவூட்டலாம்.

தமிழ் மாணவர் என்ற முறையில் எமக்கு உரியதொன்றைச் சொல்லி நிறுத்துகிறோம். பட்டயக் கணக்காளர் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம். தமிழில் எழுத வழியில்லை. ஆனால் கீழமாசி வீதி மொத்தக் கடையிலும் விருதுநகர்க் கமிஷன் மண்டியிலும் துண்டுச் சீட்டுக்கள் இன்றும் தமிழிலேயே இருக்கின்றன. அவற்றைப் படித்து, கடைக்காரரோடு பேசி, உண்மையை அறிந்து, பின் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறவன் இருமடங்கு உழைக்கிறான். அவ்வுழைப்புக்குத் தேர்வில் மதிப்பெண் இல்லை. ஆங்கிலம் வேண்டாவென்று யாம் கூறவில்லை. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கும் திறத்தல் வேண்டும் என்றே கேட்கிறோம். கலைச்சொல் இல்லை என்பது வெறுஞ்சாக்கு. சிட்டை, பேரேடு, ஐந்தொகை, பற்று, வரவு, இருப்பு என்பன பாடநூலுக்காக ஆக்கிய சொற்களல்ல. கடையில் வழங்கிப் பாடநூலுக்கு வந்தவை. இவற்றோடு தணிக்கைக்குரிய சொற்களையும் சேர்த்து ஒரு பட்டியலை, தமிழ்ப் பிரிவினரும் வணிகவியற் பிரிவினரும் கூடி இவ்வாண்டிலேயே தொகுத்தல் கூடும். யாம் தொடங்கிய பட்டியலில் தேய்மானத்துக்கும் ஒதுக்கீட்டுக்கும் வரைச் சொற்கள் சேர்ந்திருக்கின்றன. 'வவுச்சர்' என்பதற்கு மட்டும் 'சான்றுச்சீட்டு' என்றெழுதி மனம் ஒப்பாது அடித்துவைத்திருக்கிறோம். அலுவலகத்தில் அதனை நாள்தோறும் கையாளும் நண்பர்கள் நல்ல சொல் தருவாராக.