ஐப்பசியில் கதவை இழைக்காதீர்கள்

மழை பிடித்து நாலு நாள் ஆனால் போதும், சிம்மக்கல் பக்கம் பழைய வீட்டுக் கதவுகள் நிலையோடு ஒட்டிக்கொள்ளும். உடனே ஆசாரிக்குப் போன் போடுவார்கள். அவரும் வந்து ஓரத்தை இழைத்துவிட்டுப் போவார். பங்குனி வெயிலில் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே சந்து விழும், தாழ்ப்பாள் பிடிக்காது. பழி மரத்தின் மேல் விழும். தை வரை பொறுத்திருந்தால் பாதிக் கதவுகளுக்கு இழைப்புளியே தேவைப்படாது.

மரம் நீளவாட்டில் அநேகமாக அசையாது. அகலவாட்டில்தான் ஈரம் குடித்து உப்பும், காய்ந்து சுருங்கும். வளையங்கள் அகலவாட்டில் படுத்திருக்கும்படி அறுத்த 300 மில்லிமீட்டர் தேக்குப் பலகையில் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால், அகலம் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மாறிவிடும். அதிகம் அசையாத மரம் என்று நாம் நம்பும் தேக்கின் கதையே இது. பச்சை மரம் முழுக்கக் காயும்போது தேக்கு வளையத்தின் போக்கில் 6 சதவீதத்துக்குள் சுருங்கும். இறக்குமதியாகும் பீச் ஏறத்தாழ 12 சதவீதம், அதாவது இரண்டு மடங்கு.

இந்த இரண்டையும் ஒரே கதவில் சேர்ப்பதில் தப்பில்லை. தேக்குச் சட்டத்துக்குள் பீச் பலகையை வைத்து, நாலு பக்கமும் பசை தடவி இறுக்குகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோடையில் பலகை சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது, நடுவில் வெடிக்கும். மழையில் உப்பினால் சட்டத்தின் கழுந்தையே நெட்டித் தள்ளும்.

நல்ல பழைய கதவு ஒன்றைச் சித்திரையில் கிட்டப்போய்ப் பாருங்கள். பலகையின் ஓரத்தில், சட்டத்தை ஒட்டினாற்போல், பாலிஷ் படாத வெளிறிய கோடு ஒன்று நூல் பிடித்தது போல் தெரியும். ஐப்பசியில் அது காடிக்குள் மறைந்துவிடும். பலகை பசையில்லாமல் காடிக்குள் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அந்தக் கோடே சாட்சி. கோடு கண்ணை உறுத்தினால், சட்டத்தில் கோர்ப்பதற்கு முன்பே பலகைக்குப் பாலிஷ் போட்டுவிடச் சொல்லலாம். பசை கழுந்தில் மட்டும் போதும்.

மேசைப் பலகையின் முனையில் வேறு மரச் சட்டத்தைக் குறுக்கே அடிப்பவர்களுக்கும் இதே கணக்குதான். நடுவில் மட்டும் இறுக்க வேண்டும். இரு கோடியிலும் ஸ்க்ரூ துளையை மேசையின் அகலவாட்டில் நீளமாகக் குடைந்து, நகர இடம் விட வேண்டும். டிப்போவிலிருந்து வந்த பலகையை அன்றைக்கே அறுக்கவும் விடாதீர்கள். கதவு நிற்கப்போகிற வீட்டுக்குள்ளேயே, இடையில் குச்சி கொடுத்து, நாலு பக்கமும் காற்றுப் படும்படி அடுக்கி, சில வாரம் ஆறப் போடுங்கள். கூலி நாள் வீணாகிறதே என்று ஆசாரி முணுமுணுத்தால், அதுவரை நிலையை முடிக்கச் சொல்லுங்கள்.