விடுதிக் கதவும் வெள்ளையன் சட்டமும்

அமெரிக்கக் கல்லூரிகளிலே மாணவியர் கூடி நடத்தும் சகோதரி மன்றங்கள் உண்டு. கிரேக்க எழுத்துக்களைப் பெயராகச் சூடி, ஒரே மனையில் உண்டு உறங்கி, பட்டம் பெற்ற பின்னும் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் கூட்டங்கள் அவை. உள்ளே இருப்போர் ஒப்பினால்தான் வெளியே நிற்பவள் உள்ளே வரலாம். 'நான் பெண்ணை விரும்பும் பெண்' என்று மறைக்காமற் சொன்னவளுக்குப் பல மன்றங்கள் கதவைத் திறக்கவில்லை. 1988இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே அத்தகைய மாணவியர் தமக்கெனத் தனி மன்றமே அமைத்தனர்.

அமெரிக்கக் கதை இறக்கக்கண்டிக்கு எதற்கு என்கிறீர்களா? பாலத்தைக் கடந்து தெற்கே செல்லுங்கள். நிலாவெளிக் கோணேசபுரியிலே நிற்கிறது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். வயலிலும் கடலிலும் உழைத்தவர் வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பிடிக்க விரும்பும் இடம். இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே கிரேக்க எழுத்து இல்லை. ஆனால் விடுதி உண்டு, அறைத்தோழி உண்டு, 'நம்மவள்' என்ற கட்டு உண்டு. பகிடிவதையைத் தடுக்க 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தும், மூத்தோர் முன் தலைகுனிந்தவரே கூட்டத்திற் சேர்த்தி என்ற வழக்கம் ஒழிந்தபாடில்லை.

அந்தக் கூட்டத்தின் முன்னே ஒருத்தி தன் இயல்பை மறையாமல் நின்றால் என்ன நேரும்? சமயம் என்பார்கள், பண்பாடு என்பார்கள். அவற்றுக்கு விடையிறுக்க நம்மால் முடியும். 'சட்டமே குற்றம் என்கிறதே!' என்பார்கள். அது மெய். வெட்கக்கேடும் அதுவே.

1883இல் வெள்ளையன் ஆக்கிய தண்டனைச் சட்டக்கோவையிலே 365, 365அ என்னும் பிரிவுகள் இருக்கின்றன. 365அ ஒரு காலத்தில் ஆண்களை மட்டுமே குறித்தது. ஈராண்டுச் சிறை வரை விதிப்பது. 1995இல் 22ஆம் இலக்கச் சட்டத்தால் அதைப் பெண்கள் மேலும் விரித்தவன் வெள்ளையன் அல்லன், நமது பாராளுமன்றம்! காணியிற் சமத்துவம், கூலியிற் சமத்துவம் கேட்ட பெண்ணுக்குச் சிறையிலே சமத்துவம் வழங்கிய பெருந்தகையோரை என்னென்பது?

இந்தியாவுக்கு ஆங்கிலேயன் எழுதிய 377ஆம் பிரிவு, மனமொப்பிய வயது வந்தோரைத் தொடாதென 2018 செப்தெம்பர் 6இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் ஐ.நா. குழு, ரோசன்னா பிளேமர்-கல்தேராவின் முறைப்பாட்டில், 2022இல் இலங்கையையே பிழையென்றது. இப்பிரிவுகளைத் திருத்தப் பிரேம்நாத் தொலவத்த கொணர்ந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023இல் நமது உயர் நீதிமன்றமே கூறியது. சாதாரணப் பெரும்பான்மை போதும். அந்தக் கையுயர்த்தலும் நடவாமலே 2024இல் பாராளுமன்றம் கலைந்தது.

'காணிப் பிரச்சினையும் மொழிப் பிரச்சினையும் கிடக்க இதுவா பெரிது?' என்று நம்மவர் சிலர் முணுமுணுக்கின்றனர். நாம் அவர்களைக் கேட்கிறோம்: வீதித் தடையிலே சொந்தப் பெயரைச் சொல்ல நா எழாமல் நின்ற தலைமுறையல்லவா நாம்? தமிழ் பேசும் மக்கள், இன்னார் எனக் காட்டிக்கொண்டால் வாழ்வுக்கே ஆபத்தென்று அஞ்சிய காலம் மறந்து போயிற்றா? நமக்குச் செய்தபோது கொடுமை. நம் மகளுக்கு நாம் செய்தால் ஒழுக்கமோ?

வாக்குக் கேட்டு இறக்கக்கண்டிக்கு வரும் வேட்பாளர் ஒவ்வொருவரையும், 365அ நீக்கத்துக்குக் கை உயர்த்துவீரா என்று கேட்போம். மழுப்பினால், திண்ணையிலேயே நிறுத்தி மறுமுறையும் கேட்போம்.