விளக்கு எரியாத எண்ணெய்கள்



மேட்டுப்பாளையத்தில் லோடு ஏற்றி நீலகிரி மலையேறுகிறவர்கள், ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி கொண்டுபோகிறவர்கள், ஊருக்குள்ளேயே குட்டி யானை ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர்கள் என்று நம் வாசகர்களில் பலருக்கும் சோறு போடுவது பின்சக்கரத்தால் ஓடும் சின்ன லோடு வண்டிதான். உங்கள் கடிதங்களில் எஞ்சினைப் பற்றிய கேள்விகளைவிட அதற்குப் பின்னால் இருப்பவற்றைப் பற்றிய கேள்விகளே இப்போது அதிகம். “ரெண்டாவது கியர் கரகரன்னு விழுது.” “மேட்டுல கியர் தானா நியூட்ரலுக்கு வந்துடுது.” “அறுபதைத் தாண்டினா கிரவுன் ஊளை விடுது.” தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பேசிவிடலாம் என்று தோன்றியது.

எஞ்சின் ஆயில் அழுத்தம் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். கியர் பாக்ஸுக்கும் பின் ஆக்சிலில் இருக்கும் கிரவுனுக்கும் நம் சின்ன லோடு வண்டிகளில் அப்படி ஒரு விளக்கே கிடையாது. உள்ளே எண்ணெயைத் தள்ளும் பம்ப்பும் பொதுவாக இருக்காது. பல்சக்கரங்கள் பாதி எண்ணெயில் முங்கிச் சுற்றி, தாமே வாரி மேலே இறைக்கின்றன. மட்டம் இறங்கினால் மேலே உள்ள பேரிங்குக்கு எண்ணெய் எட்டாது. எட்டவில்லை என்று யாருக்கும் தெரியாது; வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். எஞ்சின் ஆயிலைத் தேதி தவறாமல் மாற்றும் உரிமையாளர்கள் பலர், கிரவுன் ஆயிலை ஒருமுறைகூட மாற்றாமலே வண்டியை விற்றுவிடுகிறார்கள். அலட்சியம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணில் படாத ஒன்றை யாரும் நினைவூட்டவில்லை, அவ்வளவுதான்.

கிரவுனுக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கியர் பாக்ஸிலிருந்து பின்னால் வரும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் சுழற்சியைத் தொண்ணூறு டிகிரி திருப்பிச் சக்கரங்களுக்கு அனுப்புவது அங்கேயுள்ள கிரவுனும் பினியனும். பினியன் கிரவுனின் நடுமட்டத்தில் நேராக அமர்வதில்லை, சற்றுக் கீழே தள்ளி அமர்கிறது. ஹைப்பாய்டு என்று பெயர் பெற்ற இந்த அமைப்பு 1920களின் பின்பாதியில் அமெரிக்காவின் பேக்கார்ட் கார்களில் வந்தது. ஷாஃப்ட் தாழ்ந்ததால் காரின் தளமும் தாழ்ந்தது. பற்கள் பெரிதாகி வலுவும் சத்தமின்மையும் கிடைத்தன. ஆனால் இங்கே பல்லும் பல்லும் உருண்டு சேர்வதோடு நிற்பதில்லை, ஒன்றின்மேல் ஒன்று அழுத்தமாக வழுக்கித் தேய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதனால்தான் கிரவுன் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். சூடு ஏறும் இடத்தில் அவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய தோலாகப் படிந்து, உலோகம் உலோகத்தைக் கடிக்காமல் காக்கின்றன. கிரவுன் ஆயிலைத் திறந்தாலே மூக்கில் ஏறும் அந்த நெடி கந்தகத்தின் நெடிதான்.

டப்பாவின் மேலே ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருப்பதன் பொருளும் இதுவே. ஜிஎல்-5இல் அந்த ரசாயனம் ஜிஎல்-4ஐவிட ஏறக்குறைய இரு மடங்கு. அது கிரவுனுக்கு. “அப்ப நல்லதையே ரெண்டுக்கும் ஊத்திடலாமே” என்று கடைக்காரரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து ஊற்றாதீர்கள். பல கியர் பாக்ஸ்களில் சிங்க்ரோ ரிங் பித்தளையால் ஆனது. நீங்கள் கியரைத் தள்ளும்போது அந்த ரிங் பல்சக்கரத்தின் கூம்பில் உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. பிறகுதான் பல் சேர்கிறது. இரும்பைக் காக்கும் அதே ரசாயனம் சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடும். போதாக்குறைக்கு, அளவுக்கு மீறி வழுக்கலான எண்ணெயில் ரிங்குக்கு உரசல் கிடைக்காது. உரசாமல் வேகம் சமமாகாது. இரண்டாவது கியர் கரகரவென்று விழுவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. இரண்டுக்கும் பொருந்தும் எண்ணெய்களும், வேறு உலோக ரிங் போட்ட கியர் பாக்ஸ்களும் இருக்கின்றன. எனவே இதில் கடைசி வார்த்தை உங்கள் வண்டியின் கையேட்டினுடையது. என்னுடையதும் அல்ல, கடைக்காரருடையதும் அல்ல.

எண்களைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. 80டபிள்யூ-90 என்றதும் எஞ்சின் ஆயிலின் 40ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்கிறோம். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். சூடான நிலையில் 90 கியர் ஆயில், 40 அல்லது 50 எஞ்சின் ஆயிலின் கெட்டியை ஒட்டியே இருக்கும். சத்தத்தை அடக்க 140 ஊற்றும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. சத்தம் கொஞ்ச நாள் அடங்கும். தேய்மானம் அடங்காது. கியர் பாக்ஸில் அதை ஊற்றினால், சிங்க்ரோ ரிங்கின் சின்னக் கோடுகளால் அந்தக் கெட்டி எண்ணெயைச் சட்டென்று வழித்தெடுக்க முடியாமல், காலைக் குளிரில் கியர் விழுவதே பெரும்பாடாகிவிடும்.

இனி சத்தங்கள். கியர் விழவில்லை என்றதும் கியர் பாக்ஸை இறக்கிவிடாதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். அப்போது எல்லாம் சுலபமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டுபிடித்து, ரிவர்ஸும் கரகரத்தால், கிளட்ச் முழுதாக விலகவில்லை என்று பொருள். கிளட்ச் எண்ணெயையோ கேபிளையோ முதலில் பாருங்கள். ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங். நியூட்ரலில் நிற்கும்போது வரும் உறுமல் கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் முன் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங்.

எல்லாக் கியரிலும் ஊளை கேட்டு நாலாவதில் மட்டும் குறைகிறதா? ஐந்து கியர் கொண்ட பின்சக்கர வண்டிகளில் பெரும்பாலும் நாலாவதுதான் நேர் கியர். அதில் சுமை கியர் பாக்ஸின் கீழ் ஷாஃப்ட் வழியாகப் போவதில்லை. ஆக, சந்தேகம் கீழ் ஷாஃப்ட்டின் மேலும் அதன் பேரிங்குகளின் மேலும் விழ வேண்டும். வண்டி கிளம்பும்போதும் முன்னும் பின்னும் எடுக்கும்போதும் ‘டக்’ என்று ஒரு தட்டு விழுந்தால், கிரவுனைப் பிரிக்கச் சொல்லுமுன் ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் கிராஸைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கிரீஸ் காணாத கிராஸ் எத்தனையோ நல்ல கிரவுனுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஊளை, காலை எடுத்தால் அமைதி, அல்லது இதற்கு நேர்மாறு என்றால் அது கிரவுன் பினியன் வேலை. அதற்குத் தள்ளிப்போடாமல் கை வைக்க வேண்டும்.

இவ்வளவையும் முதலில் உணர்வது ஓட்டுகிறவரின் கையும் காதும்தான். நான் இந்த மாதம் எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். நம்மில் பலர் சொந்த வண்டியைத் தாமே ஓட்டுகிறவர்கள். ஆனால் இரண்டு, மூன்று வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிறவர்களும் நிறையப் பேர் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறீர்கள். “முதலாளி, கிரவுன் ஏதோ கத்துது” என்று ஓட்டுநர் சொல்லும்போது, “டிரிப்புக்குப் போகச் சோம்பல் போல” என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விளக்கு இல்லாத இடத்தில் அவர்தான் விளக்கு. அவர் சொன்ன அன்றைக்கே பிளக்கைத் திறந்து பார்த்தால் சில லிட்டர் எண்ணெயோடு போகும். தள்ளிப்போட்டால் பேரிங், பினியன், கிரவுன், கூலி, வண்டி நிற்கும் நாட்கள், நிற்காமல் வரும் தவணை. ஓட்டுநர் தம்பிகளுக்கும் ஒன்று: சத்தம் எந்த வேகத்தில், எந்தக் கியரில், லோடோடா காலியாகவா, ஏற்றத்திலா இறக்கத்திலா என்று குறித்துவைத்துச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அந்த நாலு வரியே பாதி வேலை.

பிளக்கைத் திறக்கும் முறை. வண்டி சமதளத்தில் நிற்கட்டும். ஓடி வந்த சூட்டோடு செய்தால் அழுக்கும் சேர்ந்து இறங்கும். கை சுடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஊற்றும் மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள், பிறகுதான் கீழ் பிளக். எண்ணெயை வடித்த பிறகு மேல் பிளக் இறுகிப்போய்க் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நின்றுவிடும். காந்தம் உள்ள கீழ் பிளக்கில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பான தேய்மானம். விரலில் நிரடும் இரும்புத் துண்டு இருந்தால் பிரித்துப் பார்க்க வேண்டும். கியர் பாக்ஸ் எண்ணெயில் மஞ்சளாக மினுமினுத்தால் சிங்க்ரோ ரிங் கரைகிறது. புது எண்ணெய் மேல் துளையில் லேசாக வழியும்வரை ஊற்றினால் போதும். கூடுதலாக ஊற்றினால் நுரைத்துச் சூடேறி சீல் வழியாக வெளியே வரும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று கேட்பீர்கள். கையேட்டில் பாருங்கள். கடும் உபயோகத்துக்கென்று தனி அட்டவணையோ குறிப்போ இருந்தால் அதைப் பின்பற்றுங்கள், ஏனென்றால் மலைப்பாதையும் முழுச் சுமையும் நம்மில் பலருக்கு அன்றாடம். 10 டிகிரி சூடு கூடினால் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எண்ணெய்த் துறையில் இருப்பவர்களின் கைக்கணக்கு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு ஏறுகிற வண்டிக்கும் ஊருக்குள் தண்ணீர் கேன் போடுகிற வண்டிக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்?

மலைப்பாதைக்காரர்களிடம் இன்னொரு வேண்டுகோள். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடாதீர்கள். பிரேக்குக்கு உதவும் வேக்கம் தீர்ந்துபோகும் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்ததே. கியர் பாக்ஸுக்குள்ளும் ஒரு கேடு நடக்கிறது: பின்சக்கரம் சுற்றுவதால் மேல் ஷாஃப்ட் சுற்றும், எண்ணெயை வாரி இறைக்க வேண்டிய கீழ் ஷாஃப்ட்டோ அசையாமல் கிடக்கும். நின்றுபோன வண்டியைப் பின்சக்கரம் தரையில் உருள நெடுந்தூரம் கட்டி இழுப்பதிலும் இதே கேடுதான். ஜாயிண்ட் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு இழுங்கள்.

ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற பிக்கப்களை ஆட்டோமேட்டிக் கியரில் வாங்கியவர்களும் எழுதுகிறீர்கள். அங்கே எண்ணெய்தான் அழுத்தம் கொடுக்கிறது, கிளட்ச்சுக்கு உரசலைக் கணக்காகத் தருகிறது, சூட்டையும் வெளியேற்றுகிறது. 1970களின் தொடக்கம்வரை அமெரிக்காவில் இந்த எண்ணெயில் திமிங்கில எண்ணெய் சேர்த்தார்கள். திமிங்கிலங்களைக் காக்கத் தடை வந்ததும் மாற்று எண்ணெய்க்கு மாறினார்கள். அதன்பின் டிரான்ஸ்மிஷன் கோளாறுகள் பெருகின. சேர்மானம் மாறினாலே அவ்வளவு பாதிப்பு என்னும்போது, கிடைத்த சிவப்பு எண்ணெயை ஊற்றிச் சமாளிக்க நினைக்காதீர்கள். கையேடு சொல்லும் வகை மட்டுமே.

வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வெள்ளத்தில் நின்ற வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்சில் மேலே பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கிறது. ஓடிச் சூடான ஹவுசிங் சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, அந்தக் குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிவிடும். எண்ணெய் மோர்போல வெளுத்திருந்தால் ஒருநாள்கூட ஓட்டக் கூடாது. வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். பிரீதர் சேற்றில் அடைத்துக்கொண்டால் வேறு சிக்கல்: சூட்டில் அழுத்தம் ஏறி, ஆக்சில் சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் பின்சக்கர டிரம்முக்குள் போய் பிரேக் லைனிங்கை நனைத்துவிடும். இறக்கத்தில் அது உயிருக்கே ஆபத்து. மழைக்கு முன் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். முழங்கால் தண்ணீரில் ஓட்ட நேர்ந்தால் அந்த வாரமே கிரவுன் பிளக்கைத் திறந்து பாருங்கள்.

பார்த்ததை எங்களுக்கும் எழுதுங்கள். வண்டி எது, எந்தப் பாதை, வழக்கமான சுமை எவ்வளவு, கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது, வடித்தபோது என்ன நிறம், பிளக்கில் என்ன ஒட்டியிருந்தது. படம் இருந்தால் இன்னும் நல்லது. பட்டறை அண்ணன்மார்களே, உங்கள் அனுபவமும் வேண்டும். நான் சொன்னதில் மாறுபட்டால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். மலைப்பாதை வண்டிகளின் கடிதங்களை முதலில் தொகுத்து, மழை முடிவதற்குள் வரும் இதழ் ஒன்றில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்