அரிவாள் படத்துக்கு ராத்திரி வரை காட்சி. அமைதிப் படத்துக்குக் காலைக் காட்சி மட்டுமா?

மதுரை என்றால் அரிவாள். இது சினிமாக்காரர்கள் எழுதி வைத்த சட்டம்.

கதாநாயகன் பஸ்சை விட்டு இறங்குவான். பின்னால் கோபுரம் தெரியும். அடுத்த நிமிடம் நாலு வண்டி சீறிக்கொண்டு வரும். ஆளுக்கொரு அரிவாள். காது கிழிகிற சத்தம்....

2004-ல் ‘கில்லி’ வந்தது. மதுரையின் பங்குக்கு அதில் முத்துப்பாண்டி. 2008-ல் ‘சுப்பிரமணியபுரம்’ வந்தது. நம் ஊர்ப் பகுதியின் பெயரையே படத்துக்கு வைத்துவிட்டார்கள். இரண்டும் சக்கைப்போடு போட்டன. ‘கில்லி’யை 2024-ல் மறுபடி திரையிட்டபோதும் கூட்டம் அலைமோதியது.

அதைக் குறை சொல்ல வரவில்லை. விசில் அடிக்கத்தானே தியேட்டர்? அடித்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு, பெரியாஸ்பத்திரி என்று தினமும் செய்திக்கு அலைகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

படத்தில் வெட்டு விழுந்ததும் காட்சி மாறிவிடும். நிஜத்தில் அங்கேதான் கதையே ஆரம்பம். பிணவறைக்கு வெளியே மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள் ஒரு தாய். வாய்தா, வாய்தா என்று வருஷக்கணக்கில் நடப்பார் ஒரு தகப்பன். அங்கே பின்னணி இசை கிடையாது. நீளமாக யாரும் வசனம் பேசுவதும் கிடையாது.

அந்த மௌனத்தைக் காட்டுகிற படம்தான் நிஜமான மதுரைப் படம். அப்படிப் படம் வரவில்லையா? வந்தது. ஒன்றல்ல, மூன்று வந்தன. நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்?

உசிலம்பட்டி கிழவர்

2022 பிப்ரவரியில் வந்தது ‘கடைசி விவசாயி’. டைரக்டர் மணிகண்டன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். ‘காக்கா முட்டை’ எடுத்தவர்.

கதாநாயகனாக நடித்தவர் நல்லாண்டி என்ற நிஜ விவசாயி. பெருங்காமநல்லூரைச் சேர்ந்தவர். 1920-ல் ரேகைச் சட்டத்தை எதிர்த்த மக்கள் மீது வெள்ளைக்காரப் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்திய அதே ஊர்.

கதை ரொம்பச் சின்னது. குலதெய்வக் கும்பிடுக்குப் புது நெல் வேண்டும். ஊரில் விவசாயம் பார்க்கிறவர் அந்தக் கிழவர் ஒருவர்தான். நாற்று நடுகிறார். வயலில் மயில்கள் செத்துக் கிடக்கின்றன. பாவம் என்று புதைக்கிறார். மயிலைக் கொன்றதாகக் கேஸ்!

கோர்ட்டில் அவருக்கு இருக்கும் ஒரே கவலை, பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் இல்லையே என்பதுதான். மாஜிஸ்டிரேட் அம்மா, போலீஸ்காரரையே போய்த் தண்ணீர் பாய்ச்சச் சொல்கிறார். லத்தி பிடித்த கை மண்வெட்டி பிடிக்கிறது.

கோர்ட்டு வராண்டாவில் நிற்கிறவர்களுக்குத் தெரியும், இப்படிக் கிழவர்கள் எத்தனை பேர் என்று. அந்தப் படத்தில் ஒரு அடி விழவில்லை. ஆனால் பயிர் பிழைக்குமா, பிழைக்காதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. எந்தச் சண்டைப் படத்துக்கும் இளைத்ததல்ல அந்தத் தவிப்பு.

படம் வெளியாவதற்கு முன்பே நல்லாண்டி காலமாகிவிட்டார். தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படம் என்ற பரிசு அந்தப் படத்துக்குக் கிடைத்தது. நல்லாண்டிக்கும் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

ஹாலந்து பார்த்தது, மேலூர் பார்க்கவில்லை!

இன்னொரு படம் ‘கூழாங்கல்’. மேலூர் பக்கம் அரிட்டாபட்டி வட்டாரத்தில் எடுத்தது. டைரக்டர் வினோத்ராஜும் மதுரைப் பக்கத்துக்காரர்தான்.

புருஷன் விரட்டிவிட்ட தன் சகோதரி, கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே தாய்வீடு வந்து சேர்ந்தாராம். அதிலிருந்து பிறந்த கதை என்று அவரே சொல்லியிருக்கிறார். படத்தில் குடிகாரத் தகப்பனும் பள்ளிக்கூடப் பையனும் வெயிலில் நடக்கிறார்கள். அவ்வளவுதான். நடக்க நடக்க நமக்கே நாக்கு வறண்டு போகிறது.

2021-ல் ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் பட விழாவில் புலி விருது என்கிற முதல் பரிசை வாங்கியது அந்தப் படம். ஆஸ்காருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுவே.

மதுரைத் தியேட்டரில் எத்தனை நாள் ஓடியது? ஒரு நாள் கூட இல்லை! 2023-ல் நேராக ஓ.டி.டி.க்குப் போய்விட்டது. கடல் தாண்டி இருக்கிறவன் பெரிய திரையில் பார்த்தான். மேலூர்க்காரர் கைபோனில் பார்த்தார்.

அதே வினோத்ராஜ் 2024-ல் ‘கொட்டுக்காளி’ கொண்டு வந்தார். நம்ம ராஜாக்கூர் சூரிதான் கதாநாயகன். சிரிக்க வைத்த சூரி இதில் சிரிக்கவே இல்லை. பேய் பிடித்துவிட்டது என்று ஒரு பெண்ணைச் சாமியாடியிடம் கூட்டிப் போகிறது குடும்பம். அவளோ வாயே திறப்பதில்லை. படம் முழுக்கப் பின்னணி இசை கிடையாது.

ஒரு இடத்தில் சூரி கை நீட்டுகிறார். கொஞ்ச நேரம்தான். ஆனால் ஒவ்வொரு அறையும் நம் கன்னத்தில் விழுகிறது. நூறு பேரைப் பறக்கவிடும் சண்டையில் வராத வலி அது.

நூறு நாள் ஓடிய மௌனம்

‘இதெல்லாம் விருதுப் படம்ணே.... நம்ம ஜனம் பாக்காது’ என்பார்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

1978-ல் ‘முள்ளும் மலரும்’ வந்தது. டைரக்டர் மகேந்திரனுக்கு முதல் படம். வசனம் குறைவு. முதல் சில வாரம் கூட்டமும் குறைவு. ‘அண்ணன் - தங்கச்சி கதைப்பா, போய்ப் பாரு’ என்று ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் போய், கடைசியில் 100 நாள் ஓடியது. ரஜினிகாந்துக்கு நல்ல நடிகர் என்ற பெயரையும் வாங்கிக் கொடுத்தது.

மறுவருஷம் அதே மகேந்திரன் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். கொடுமைக்காரனுக்கு ஊரே தண்டனை கொடுக்கிறது. அரிவாள் இல்லை. ஆள் பறக்கவில்லை. ஆற்றை நோக்கி ஒருவன் நடக்கிறான், அவ்வளவே. பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்கு ஒரு படம் என்றால் பெரும்பாலும் ஊருக்கு ஒரு தியேட்டர். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த நம் தங்கம் தியேட்டரில் 2,563 இருக்கைகள். அத்தனையையும் நிரப்ப நாள் ஆகும். ஒருவர் பார்த்து இன்னொருவருக்குச் சொல்ல அவகாசம் இருந்தது. தங்கம் இன்று இல்லை. அந்த அவகாசமும் போய்விட்டது.

இப்போது வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றே நாளில் தீர்ப்பு. பெரிய படம் எல்லாத் திரையையும் வளைத்துக்கொள்கிறது. அமைதியான படத்துக்கு மிஞ்சுவது பெரும்பாலும் காலைக் காட்சி.

காலை 11 மணிக்கு யார் வருவார்? குமாஸ்தா ஆபீசில் இருக்கிறார். கடைக்காரர் கல்லாவில் இருக்கிறார். உசிலம்பட்டி, மேலூர் பஸ்சில் வந்து போகிறவர் வேலையில் இருக்கிறார். வர முடியாத நேரத்தில் படத்தைப் போட்டுவிட்டு, ‘ஆளே வரலை’ என்று திங்கட்கிழமை தூக்கிவிடுகிறார்கள். இது என்ன நியாயம்?

நேரம் கொடுத்தால் கூட்டம் வரும் என்பதற்கு அத்தாட்சி சமீபத்தில்தான் கிடைத்தது. 2025 மே முதல் தேதி சூர்யாவின் ‘ரெட்ரோ’ வந்த அன்றே ‘டூரிஸ்ட் பேமிலி’யும் வந்தது. இலங்கையிலிருந்து படகில் வரும் ஒரு குடும்பம், அக்கம்பக்கத்தார் மனசைத் தொடும் கதை. வாய்வழியாகவே பரவி வாரக்கணக்கில் ஓடியது. அதில் தகப்பனாக நடித்தவர் யார்? ‘சுப்பிரமணியபுரம்’ எடுத்த சசிகுமார்! அரிவாள் மதுரையைக் காட்டிய அதே மனிதர். அதையும் ரசித்தோம், இதையும் ரசித்தோம். ஆக, ரசிகன் மேல் குற்றம் இல்லை.

செய்ய வேண்டியது என்ன?

தியேட்டர்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாக் காட்சியும் கேட்கவில்லை. நகரில் ஏதாவது ஒரு திரையில் ஒரு மாலைக் காட்சி, ஒரு இரவுக் காட்சி. ஆபீஸ் விட்டவருக்கு அது, கடை அடைத்தவருக்கு இது. இரண்டு வாரம் போதும். அதற்குள் கூட்டம் வராவிட்டால் தூக்குங்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. ‘ஓ.டி.டி.ல வந்துரும்ல, பாத்துக்குவோம்’ என்று தள்ளிப் போடாமல் முதல் வாரமே போக வேண்டும். பிடித்திருந்தால் டீக்கடையில், பஸ்சில், பக்கத்து சீட்டில் சொல்ல வேண்டும். உள்ளே போனதும் போனை அணைத்துவிட வேண்டும். மௌனப் படத்தில் ரிங்டோன் அடித்தால் அதுவும் ஒரு வெட்டுத்தான்!

வெளியூரில் வீடு பார்க்கப் போனால், ‘மதுரையா.... அரிவாள் எங்கே?’ என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நல்லாண்டிதான் பதில். ஆனால் அந்தப் பதிலை நாமே திரையில் இரண்டு நாளைக்கு மேல் நிற்க விடாவிட்டால், ஊரைத் திட்டி என்ன பயன்?

அடுத்த அமைதிப் படம் வரும்போதாவது மாலைக் காட்சி கிடைக்குமா?