உதவியும் உழைப்பும்

உழைத்து உண்ணுதல் உயர்வென்பதும், வறியோரைத் தாங்குதல் அரசின் கடனென்பதும் நம்மவர் நெடுங்காலமாக ஒருங்கே போற்றிவந்த கொள்கைகளாம். வள்ளுவப் பெருந்தகையார் 'இரவு' என ஓரதிகாரமும், அதனையடுத்தே 'இரவச்சம்' என மற்றோரதிகாரமும் வகுத்தமை இதற்குச் சான்றாகும். தகுதியுடையாரிடத்து இரத்தல் இழிவன்று. ஆயினும் இரத்தற்கு அஞ்சுதல் வேண்டும்.

இவ்விரண்டினையும் ஒரே சட்டத்துள் அடக்க இக்கால அரசுகள் சில முயல்கின்றன. உதவி பெறுவோன் உழைக்கவேண்டும், உழையானேல் உதவியில்லை என்பதே அச்சட்டங்களின் சாரம். கேட்ட மாத்திரத்தே நீதியெனத் தோன்றும் இவ்விதி நடைமுறையில் யாது விளைத்ததென ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்கா தக்க எடுத்துக்காட்டாகும்.

1996 ஆகஸ்ட் மாதத்தில் சனாதிபதி கிளின்டன் கையொப்பமிட்ட சட்டம், 1935 முதல் நிலவிய பழைய முறையை நீக்கியது. பிள்ளைகளையுடைய வறிய குடும்பத்தினர் மத்திய அரசின் பணத்தில் உதவி பெறுங் காலம் பொதுவாக ஐந்தாண்டென வரையறுக்கப்பட்டது. பெற்றோர் வாரந்தோறும் 30 மணி நேரம், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தனித்தாயராயின் 20 மணி நேரம், வேலையிலோ அதற்கான முயற்சிகளிலோ ஈடுபடவேண்டுமென்பது விதி. அடுத்த சில ஆண்டுகளில் தனித்தாயர் பலர் வேலைக்குச் சென்றனர் என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆயின் அக்காலம் வேலை மலிந்த காலம். குறைந்த ஊதியம் பெறுவோர்க்கு வரிச்சலுகையும் கூட்டப்பட்டிருந்தது. மேலும், 1996இல் பிள்ளைகளையுடைய வறிய குடும்பங்கள் நூற்றுக்கு 68 என்ற அளவிற் கிடைத்த பண உதவி, 2020இல் நூற்றுக்கு 21 என்ற அளவிலேயே கிடைத்தது. வறியோருள்ளேயே எண்ணிய கணக்கு இதுவாதலின், வறுமை குறைந்தமையால் உதவி குறைந்ததென்று சொல்லுதற்கு இடமில்லை.

ஆர்கன்சா மாநிலத்திலே நிகழ்ந்தது இன்னுந் தெளிவானது. வறியோர்க்கான மருத்துவக் காப்புத் திட்டமாகிய மெடிக்கெயிட்டில் 2018 ஜூனில் வேலை நிபந்தனை அங்கு புகுத்தப்பட்டது. 30 முதல் 49 வயது வரையுள்ளோர் மாதந்தோறும் 80 மணி நேரம் உழைத்தமையை இணையவழி அறிவிக்கவேண்டும். அவ்விணையத்தளமோ இரவு 9 மணிக்கு மூடப்பட்டுக் காலை 7 மணிக்கே திறக்கப்பட்டது. பகல் முழுதும் உழைத்து இரவில் வீடு திரும்புவோன் தான் உழைத்ததை எப்பொழுது அறிவிப்பான்? அவ்வாண்டு முடிவதற்குள் 18,000க்கு மேற்பட்டோர் காப்பினை இழந்தனர். பின்னர் ஆய்வாளர் ஆராய்ந்தபொழுது, இலக்கானோருள் நூற்றுக்கு 95க்கு மேற்பட்டோர் ஏற்கெனவே விதியை நிறைவுசெய்தோர் அல்லது விலக்குப் பெறவேண்டியோர் எனக் கண்டனர். வேலையிலமர்ந்தோர் தொகை கூடியதாகவும் அவர்கள் காணவில்லை. 2019 மார்ச்சில் நீதிமன்றம் அத்திட்டத்தைத் தடுத்தது. அவ்வாறிருந்தும், 2025 ஜூலை 4ஆந் திகதி ஒப்பமிடப்பட்ட சட்டம் அதே 80 மணி நேர விதியை, 2027 ஜனவரி முதலாந் திகதிக்குள் நாடளாவி நடைமுறைப்படுத்தப் பணித்தது.

இவற்றிலிருந்து நாம் தெளிவது யாது? சோம்பேறியைத் தேடி எறிந்த வலையிற் பெரிதும் அகப்பட்டோர் உழைப்பாளரும் நோயாளரும், நோயாளரைப் பேணுவோருமேயாவர். உழைப்பு வேறு, உழைத்தமைக்குப் பத்திரங் காட்டுதல் வேறு. ஒரு வாரம் வேலையும் மறு வாரம் வெறுங்கையுமாக வாழ்வோனுக்கு முன்னையதிலும் பின்னையதே கடினம். வரி செலுத்துவோர் பணம் வீணாகலாகாது என்பாரின் கவலை நியாயமானதே. அங்ஙனமாயின், வேலையைத் தேடிக்கொடுத்தலும், உழைத்தாரா என்பதைத் தன்னிடமுள்ள பதிவேடுகளைக் கொண்டு அறிதலும் அரசின் முதற்கடமையாதல் வேண்டும். அக்கடமையைச் செய்யாத அரசு வறியவனிடம் கணக்குக் கேட்பது முறையன்று.

எமது நாட்டுக்கும் இவ்வினா புதிதன்று. 1989இல் தொடங்கிய ஜனசவிய, பின்னர் வந்த சமுர்த்தி, 2023இல் தொடங்கிய அஸ்வெசும ஆகிய யாவும், யார் தகுதியுடையார் என்ற வினாவுக்கு விடை தேடியவையே. அஸ்வெசுமப் பட்டியல் வெளிவந்தபொழுது இலட்சக்கணக்கான மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் குவிந்தமை, தாளிலே தகுதியை அளத்தல் எத்துணை அரிதென்பதைக் காட்டிற்று.

எமது கல்லூரி எண்ணற்ற அரசாங்க உத்தியோகத்தரை நாட்டுக்கு அளித்தது, இனியும் அளிக்கும். இன்று வகுப்பறையிலிருக்கும் மாணவருட் சிலர் நாளை இத்தகைய படிவங்களை வரைவர். சிலர் பிரதேச செயலகத்தில் அவற்றை வாங்கி வைப்பர். அவர்கட்கு நாம் கூறுவதொன்றே: படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாயிருப்பின், அதனைத் திருப்பியனுப்புமுன் அஃது ஏன் வெறுமையாயிற்றென ஒருமுறை கேளுங்கள். சட்டம் எவ்வாறிருப்பினும், அவ்வொரு கேள்வியைக் கேட்கும் உரிமை உத்தியோகத்தரிடம் என்றும் உண்டு.