பொம்மர் பொம்மராகவே இருக்கட்டும்



போன மாதம் 'மச்சூகா' என்ற சிலி நாட்டுப் படம் பார்த்தேன். 2004-ல் வந்தது. படம் முடிந்த பிறகும் எழுந்திருக்க மனசு வரவில்லை.

1973, சாந்தியாகோ நகரம். வசதியான வீட்டுப் பையன் கொன்சாலோவும் குடிசைப் பகுதியிலிருந்து வரும் பெத்ரோ மச்சூகாவும் ஒரே வகுப்பு. ஏழைப் பிள்ளைகளையும் பெரிய பள்ளியில் சேர்த்துக்கொண்ட ஒரு பாதிரியாரால் வந்த நட்பு அது. செப்டம்பர் 11-ல் ராணுவம் ஆட்சியைப் பிடிக்கிறது. பள்ளியும் அதன் கைக்குப் போகிறது. குடிசைகளுக்குள் புகுந்த சிப்பாய் ஒருவன் கொன்சாலோவையும் பிடித்துக்கொள்கிறான். தான் இந்த இடத்துப் பையன் இல்லை என்று சொல்லிக் கெஞ்சுகிறான் அவன். சிப்பாயின் கண் அவன் காலில் கிடக்கும் விலையுயர்ந்த ஷூவுக்குப் போகிறது. விட்டுவிடுகிறான். பெத்ரோ அங்கேயே நிற்கிறான்.

அந்த இடத்தில் எனக்கு, இலங்கை அகதிகளின் மண்டபம் கேம்ப் ஞாபகம் வந்துவிட்டது.

1990-ல் நான் ஏழாம் வகுப்பு. அந்த வருஷம் ஜூனில் இலங்கையில் மறுபடி போர் மூண்டது. மன்னார்ப் பக்கத்திலிருந்து படகு படகாகச் சனங்கள் வந்து இறங்கினார்கள். நடுக்கடல் மணல்திட்டான தீடையில் இறக்கிவிடப்பட்டு, இதுதான் இந்தியா என்று நம்பி, விடிந்த பிறகு சுற்றிலும் தண்ணீரைப் பார்த்தவர்களும் உண்டு. அப்படி வந்த ஒருவன் என் பெஞ்சில் உட்கார்ந்தான். உச்சிப்புளிப் பக்கமிருந்து கடற்படை விமானம் தாழப் பறந்தால் போதும், "பொம்மர்!" என்று கத்தியபடி பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். குண்டு போடும் விமானத்துக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது.

மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வரமாட்டான். கேட்டால் "செக்கிங்" என்பான். தலைகளை எண்ணும் நாள் அது. ஒருமுறை அவனோடு விளையாடிக்கொண்டிருந்து நானும் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டேன். எண்ண வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ ஊர்ப்பிள்ளைதானே, தள்ளிப் போ" என்றார். தள்ளிப் போனேன். அவன் வெயிலில் நின்றான்.

சிலியைப் போல இலங்கையில் ஒரு ராணுவத் தளபதி ஆட்சியில் உட்காரவில்லை. தேர்தல் நடந்தது, நாடாளுமன்றமும் இருந்தது. ஆனால் 1979-ன் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கும், 2011 வரை பெரும்பாலும் நீடித்த அவசரநிலைக்கும் இடையில் வடக்கில் வளர்ந்த பிள்ளைக்கு அரசாங்கம் என்றால் சென்ட்ரிதான், ஊரடங்குதான். மறுபக்கம், பிள்ளைகளையே படைக்குச் சேர்த்த இயக்கம்.

இதைத் தமிழ் சினிமா தொடாமல் இல்லை. மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002 பிப்ரவரி 14-ல் வெளியானது. எட்டே நாளில், 22-ம் தேதி, இலங்கையில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அகதி முகாமில் பிறந்த அமுதாவாக நடித்த கீர்த்தனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த படம் அது. எத்தனை முறை பார்த்தாலும் கண் கலங்கும். ஆனாலும் அமுதா வளர்வது சென்னையில், அன்பான ஒரு வீட்டில். முகாமிலேயே பத்து, இருபது வருஷம் வளர்ந்த பிள்ளை அதில் இல்லை. 2025-ல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யிலும் ராமேஸ்வரம் கரையில் இறங்கும் குடும்பம் நேரே சென்னைக்குப் போய்விடுகிறது. நம் கரையைக் கதைகள் இறங்குதுறையாக மட்டும் வைத்திருக்கின்றன.

இத்தனைக்கும் மண்டபத்துக்கு எவ்வளவு பழைய கதை! இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளர்களை, தொற்றுநோய்க்குப் பயந்து வெள்ளைக்காரன் தடுத்து வைத்த இடம். போனவர்களை அடைத்த அதே இடத்தில்தான் வந்தவர்களையும் தங்கவைத்தோம். 2021-ல் அரசு இந்த அகதி முகாம்களையெல்லாம் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. ஆனால் 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால், அப்பா அம்மா இருவரும் இலங்கைக்காரர்கள் என்றால், இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கும் பிறப்பால் குடியுரிமை இல்லை.

'மச்சூகா'வை எடுத்த ஆந்த்ரேஸ் வுட், ஆட்சிக் கவிழ்ப்பின்போது எட்டு வயதுகூட நிரம்பாதவர். தான் படித்த பள்ளியில் நடந்ததைத்தான் முப்பது வருஷம் கழித்துப் படமாக்கினார். நம் முகாமில் ஓடித் திரிந்த பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. முகாமில் வளர்ந்த பிள்ளையின் படம் அவர்களில் ஒருவரிடமிருந்துதான் வரவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். அதற்கு முதலில் யாராவது எழுத வேண்டும்.

என் பெஞ்சுக்காரனை, 1992-ல் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது குடும்பத்தோடு கப்பலேற்றினார்கள். பிறகு தகவல் இல்லை. அவன் இரவல் கொடுத்த கவராயம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

முகாமில் வளர்ந்தவர்களே, பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களே, எழுதி அனுப்புங்கள். நோட்டுத் தாளில் பேனாவால் எழுதினாலும் போதும், தட்டச்சு நாங்கள் செய்துகொள்கிறோம். உங்கள் ஊர்ப் பேச்சில் கை வைக்க மாட்டோம். பொம்மர் பொம்மராகவே அச்சேறும்.

அன்புடன்,
ஆசிரியர்