அரிப்புக்கெல்லாம் ஒரே ஊசியா?

நாய் சொறிந்தால் உடனே ஐவர்மெக்டின் ஊசி என்பது பலருடைய வைத்தியம். எங்கே சொறிகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. வாலடியைக் கடித்துக்கொண்டால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகிக்கலாம். காது ஓரத்திலும் முழங்கையிலும் முடி கொட்டினால் சிரங்குப் பூச்சி, வீட்டாருக்கும் அரிக்கும். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சில நிமிடம் போதும் (அப்போதும் இந்தப் பூச்சி டிமிக்கி கொடுப்பதுண்டு). கோலி ரக நாய்களுக்கோ அந்த ஊசியே எமனாகலாம். பலவற்றுக்கு உள்ள, 2001இல் கண்டறியப்பட்ட மரபணுக் குறையால், மருந்து மூளைக்குள் புகுந்துவிடும்.

பூச்சியும் பூஞ்சையும் இல்லையென்றால் ஒவ்வாமை. உணவுதான் காரணமா என்றறிய, இதுவரை தின்றிராத ஒரே இறைச்சியை 8 வாரமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். கஷ்டம் வீட்டாருக்குத்தான்: இடையில் குழந்தை நீட்டும் ஒரு பிஸ்கெட் போதும், சோதனை பாழ்.